துணிக்கொடி ஆட்டத்தின் நான்காவது விதி

ஜூன் 3

அன்புள்ள வாலு,

இக்கடிதத்தில் வருபவை:

1. ஆட்டத்துக்கு வேண்டிய பொருள்கள்.
2. ஆடும் முறை.
3. ஒரு வாக்கியம் சரியா தவறா என்று யார் சொல்வது.
4. தவறியவர் ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். இந்த விதி இல்லாவிட்டால் இது விளையாட்டே அல்ல.
5. என் சந்தேகங்கள்.

உன் வகுப்புக் குழந்தைகள் எதைக் கேட்டாலும் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். எங்கே போனாய் என்றால் ‘கடை’. யாரோடு என்றால் ‘அம்மா’. பயிற்சி நூலில் கோடிட்ட இடங்களை நிரப்புகிறார்கள், கோடு இல்லாத இடத்தில் வாய் திறப்பதில்லை என்றும் எழுதியிருந்தாய். அந்தப் பயிற்சி நூலில் பாதியை எழுதியவன் நான்தான் என்பதை நீ நாகரிகமாக விட்டுவிட்டாய். அதற்கு நன்றி.

முதலாவது, பொருள்கள். துணி காயப்போடும் கொடி, கொஞ்சம் கிளிப், வெற்று அட்டைகள், ஒரு பகடை. புதுச் சட்டைக்குள் வைத்து வரும் அட்டைகளை வெட்டி அனுப்பியிருக்கிறேன். மகன் நிறையச் சட்டை வாங்குகிறான். கடைக்குப் போய் நல்ல அட்டை வாங்க இப்போது வசதிப்படவில்லை. பகடையைக் குளியல் சோப்பில் செதுக்கினேன். ஆறு முகங்களிலும் ஆறு கேள்விகள்: யார், எதை, எங்கே, எப்போது, எப்படி, யாரோடு.

இரண்டாவது, முறை. வகுப்பின் குறுக்கே கொடியைக் கட்டு. ‘பூனை’, ‘தூங்கியது’ என்று இரண்டு அட்டைகளைத் தொங்கவிடு. குழந்தை பகடையை உருட்டட்டும். ‘எங்கே’ விழுந்தால் ‘அலமாரியில்’ என்று அட்டையில் எழுதி, மற்ற அட்டைகளைத் தள்ளி இடம் செய்து தொங்கவிட வேண்டும். ஒவ்வொரு தடவையும் ‘தூங்கியது’ கடைசிக்கு நகர்ந்துகொண்டே போகும். அதை நீ சொல்லிக்கொடுக்க வேண்டாம். கையே கற்றுக்கொள்ளும் என்று நினைக்கிறேன். பூனையை எடுத்துவிட்டு ‘அக்கா’வைத் தொங்கவிட்டால் தூங்கியதும் தூங்கினாளாக வேண்டும்.

மூன்றாவது, தீர்ப்பு. வகுப்பு முழுவதும் சேர்ந்து உரக்கப் படிக்கட்டும். படிக்கும்போது குரல் எங்கே தடுக்குகிறதோ அங்கே பிழை.

நான்காவதை மேலேயே சொல்லிவிட்டேன். வெளியேறியவர் சன்னலோரம் உட்கார்ந்து பார்க்கட்டும். பார்ப்பதும் ஒரு படிப்பு.

ஐந்தாவது. நான் குழந்தைகளோடு ஆடிப் பார்த்ததில்லை. கூடத்தில் கொடி கட்டி, நான்கு பேராக நானே ஆடினேன். மூன்றாமவன் முதலிலேயே வெளியேறிவிட்டான். அவன்மீது கொஞ்சம் பரிதாபம் வந்தது. மருமகள் வந்து பார்த்துவிட்டு, “மாமா, துணி எங்கே, பூனைதானே தொங்குது?” என்றாள். இது ஆட்டம்தானா, இல்லை மறுபடியும் ஒரு பயிற்சி நூலைத்தான் கொடியில் தொங்கவிட்டிருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. நீ சொல்.

எதிர்வீட்டு நர்ஸ் இதைத் தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு அது போகிற வழி.

அண்ணன்


ஜூன் 11

அட்டவணை அண்ணாவுக்கு,

ஐந்து தலைப்பும் வந்து சேர்ந்தன. போனில் பேசினால் நீ ‘ஆங்? ஆங்?’ என்று கேட்டு முடிப்பதற்குள் என் அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிடுகிறது. கடிதம்தான் நமக்குச் சரி.

ஆட்டம் ஆட்டம்தான். சந்தேகமே வேண்டாம். பகடையைத்தான் முதல் நாளே நக்கிப் பார்த்துவிட்டான், நாங்கள் கொட்டாவி என்று கூப்பிடும் பையன். “டீச்சர், இது சோப்பு” என்றான். அண்ணா, அவன் சொன்னதை மறுபடி படி. எனக்குத் தெரிந்து அவன் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம் அதுதான். உன் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னாலேயே வேலை செய்துவிட்டது.

ஒரே கூச்சல். கொடி ஒரு முறை அறுந்து விழுந்தது. அடுத்த வகுப்பு ஆசிரியர் சுவரைத் தட்டினார். கொடியின் கடைசியில் இடமில்லாமல் ‘தூங்கியது’ சன்னல் கம்பிக்கே போய்விட்டது. நீ சொன்னபடி கை கற்றுக்கொள்கிறது. ஒரு குழு ‘நாற்காலி அவசரமாக அழுதது’ என்று தொங்கவிட்டது. எல்லோரும் தடுக்காமல் படித்தார்கள். இது சரியா தவறா? உன் தீர்ப்பு வரும்வரை அந்தக் குழுவை வெளியே அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.

ஆனால் உன் நான்காவது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு பெண் இருக்கிறாள். எப்போதும் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருப்பதால் அவளுக்குப் பொத்தான் என்றே பெயராகிவிட்டது. முதல் சுற்றிலேயே அவள் வெளியே. அடுத்த நாளும் அவளே. நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் கடைசிவரை ஆடுகிறார்கள். தெரியாத பிள்ளை சன்னலோரம் பொத்தானைத் திருகிக்கொண்டிருக்கிறது. யாருக்கு ஆட்டம் வேண்டுமோ அவர்களுக்கு மட்டும் ஆட்டம் இல்லை. யோசி.

இன்னொன்று. எங்கள் தலைமையாசிரியருக்கு விளையாட்டு என்றாலே சத்தம் என்றுதான் பொருள். ஜூலை இரண்டாவது வாரம் ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பாராம். பிடிக்காவிட்டால் பழையபடி பயிற்சி நூல். “இதைக் கண்டுபிடிச்சவரு யாரு? கூட்டிட்டு வாங்க, கேப்போம்” என்றார். நீ வர வேண்டும். இரண்டு பஸ்தான் மாற வேண்டியிருக்கும்.

வாலு


ஜூன் 16

அன்புள்ள வாலு,

நாற்காலியைப் பற்றி மூன்று நாள் யோசித்தேன். நாற்காலி அழக்கூடாது என்று எந்த இலக்கண நூலிலும் எழுதவில்லை. தேடிப் பார்த்துவிட்டேன். ஆகவே அது சரி. அந்தக் குழு ஆடட்டும். ஒருவேளை நான் தவறாகவும் இருக்கலாம். அப்படியானால் நாற்காலிக்கு ஒரு காரணம் கேட்டு, அதையும் கொடியில் சேர்க்கச் சொல்.

சோப்புப் பகடை நனையாமல் இருக்க மெழுகு தடவினேன். இன்னொன்று அனுப்புகிறேன்.

நான்காவது விதியை மாற்ற முடியாது என்று நினைக்கிறேன். தவறினால் ஒன்றும் ஆகாது என்றால் யாரும் கவனமாக இருக்க மாட்டார்கள். எந்த ஆட்டத்திலும் அதுதானே வழக்கம்? வெளியே இருப்பவர் தன் முறை எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. மற்றவர்கள் ஆட்டத்தைக் கெடுக்காமல் அமைதியாக இருக்க வேண்டும். அதைக் கற்றுக்கொள்வதும் நல்லதே. அந்தப் பெண்ணுக்குப் பழகிவிடும். பழகிவிடுகிறது.

நான் வருவதைப் பற்றி. முட்டி வலி இருக்கிறது. செருப்பும் தேய்ந்துவிட்டது. பஸ் மாறுவது இப்போது சிரமம். தலைமையாசிரியர் கேட்கக்கூடிய கேள்விகளையும் அவற்றுக்கான விடைகளையும் எழுதி அனுப்புகிறேன். நீயே சொல்லிவிடலாம். என்னைவிட நன்றாகச் சொல்வாய்.

அண்ணன்


ஜூன் 22

அண்ணா,

முட்டி, செருப்பு, பஸ். வரிசைப்படி எழுதியிருக்கிறாய், எண் போடாததுதான் பாக்கி.

முப்பது வருஷம் பாடநூல் அலுவலகத்தில் உட்கார்ந்து குழந்தைகளுக்கு இலக்கணம் எழுதினாய். அதைப் படிக்கிற ஒரு குழந்தையை ஒரு நாளாவது பார்த்தாயா? என் வகுப்புக்கு எத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறேன்! அச்சு வேலை, பிழைதிருத்தம், அண்ணியின் உடம்பு, ஏதாவது ஒன்று. அப்போதெல்லாம் நிஜமாகவே வேலை இருந்தது, நான் பொறுத்துக்கொண்டேன். இப்போது என்ன வேலை? நான்கு பேராக நீயே ஆடிக்கொண்டிருக்கிறாய். அந்த மூன்றாமவனை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது, சிரிப்பும் வருகிறது.

‘பழகிவிடுகிறது’ என்று எழுதியிருக்கிறாய். யாருக்கு?

நான் இனிக் கூப்பிடப் போவதில்லை. சனிக்கிழமை நானே வருகிறேன். புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு வருகிறேன். உன் அளவு எனக்குத் தெரியும்.

வாலு


ஜூன் 25

அன்புள்ள வாலு,

தயவுசெய்து வராதே. வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள். சாமான்கள் எல்லாம் கூடத்தில் கிடக்கின்றன, உட்கார இடமில்லை. நர்ஸின் வேலை நேரம் மாறியிருப்பதால் இக்கடிதம் எப்போது போய்ச் சேரும் என்று தெரியவில்லை. வருவதற்கு முன் கிடைத்துவிட்டால், வராதே.

அண்ணன்


ஜூன் 30

அண்ணா,

நீ வெள்ளையடித்த வீட்டைக் கம்பிக்கதவு வழியாகப் பார்த்தேன். உன் கடிதம் நான் திரும்பி வந்த பிறகுதான் கிடைத்தது.

மரக்கதவு திறந்திருந்தது. கம்பிக்கதவு பூட்டியிருந்தது. பூட்டு வெளியே தொங்கியது. நீ உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்து அட்டை வெட்டிக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் எழுந்து கண்ணாடியைத் துடைத்தாய். பிறகு, “சாவியை மருமக மறந்து கொண்டுபோயிட்டா” என்றாய். அப்போதுதான் உங்கள் நர்ஸ் மாடி ஏறி வந்தார். “ஆமா, தினமும் மறந்துட்டுத்தான் போறாங்க” என்றார். நீ தலையைக் குனிந்துகொண்டாய், அண்ணா. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

செருப்புப் பெட்டி கம்பிக்குள் நுழையவில்லை. செருப்பை ஒவ்வொன்றாகச் சாய்த்துக் கொடுத்தேன். ஆரஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். ஒன்று பெரிதாக இருந்ததால் சிக்கிக்கொண்டது. நீ அந்தப் பக்கமிருந்து இழுக்க, நான் இந்தப் பக்கமிருந்து தள்ள, இரண்டு பேரும் சிரித்தோம். என்ன சிரிப்பு அது!

மூன்று மணி நேரம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். நீ ஆட்டத்தைப் பற்றியே பேசினாய். என்ன நடந்தது என்று கேட்டபோதெல்லாம் “காது கேக்கல” என்றாய். உனக்கு எது கேட்கும், எது கேட்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

உள்ளே ஒரு நெருப்பு, ஒரு புகை என்றால் என்ன செய்வாய்? நர்ஸும் இதையே கேட்டாராம். மழுப்பினாயாம்.

எழுது. எண் போட்டே எழுது. ஆனால் எழுது.

வாலு


ஜூலை 5

அன்புள்ள வாலு,

இக்கடிதத்தில்:

1. நடந்தது.
2. மகனைப் பற்றி.
3. நீ ஏன் கோபப்படக் கூடாது.

நடந்தது இது. எங்கள் குடியிருப்பில் எல்லாக் கட்டடங்களும் ஒன்றுபோலவே இருக்கும். எழுத்துப் பலகைகளை வெயில் தின்றுவிட்டது. நான் எண்ணி நடப்பவன். வாசலிலிருந்து மூன்றாவது கட்டடம், நான்காவது மாடி, இடப்பக்கம் இரண்டாவது கதவு. அன்று உன் வகுப்புக்கு அட்டை வாங்கத்தான் போனேன், கடை மூடியிருந்தது. திரும்பும்போது முன்வாசலில் குழாய் பதிக்கத் தோண்டிவிட்டு, பக்கவாசல் வழியாகப் போகச் சொன்னார்கள். நான் அங்கிருந்து மூன்றை எண்ணினேன். அது வேறொரு மூன்றாவது கட்டடம்.

சாவி திரும்பவில்லை. பூட்டு இறுகிவிட்டது என்று நினைத்தேன். பூட்டு இறுகினால் பென்சில் முனைத் தூளை உள்ளே ஊதினால் இளகும். பையில் பென்சில் இருந்தது. நிதானமாகச் சீவி, ஊதி, சாவியை ஆட்டினேன். உள்ளே ஒரு பெண் கைக்குழந்தையோடு தனியாக இருந்திருக்கிறாள். யாரோ பூட்டை உடைக்கிறார்கள் என்று பயந்து எல்லோரையும் அழைத்துவிட்டாள். அவள்மீது தவறில்லை. அவள் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையே செய்திருப்பேன்.

கூட்டம் கூடியது. ஒருவர் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார். பேசுங்கள் என்றார்கள். வாலு, எனக்கு அப்போது ஒரு வாக்கியம்கூட வரவில்லை. “வீடு” என்றேன். “அட்டை” என்றேன். உன் வகுப்புக் குழந்தைகளைப் போல ஒற்றைச் சொல்லாகவே வந்தது. வாழ்நாள் முழுவதும் வாக்கியம் எழுதியவன் நான்.

மகனை வேலையிலிருந்து அழைத்தார்கள். அவன் ஓடி வந்தான். எல்லோருக்கும் முன்னால், “எங்க அப்பாதான். வயசாயிடுச்சு. மன்னிச்சிடுங்க” என்றான். கும்பிட்டான். அன்று இரவு அவன் சாப்பிடவில்லை. மறுநாள் பூட்டு வந்தது.

இரண்டாவது. அவன் கெட்டவன் அல்ல. மதியம் இரண்டு முறை எதிர்வீட்டுக்குப் போன் செய்து நான் சாப்பிட்டேனா என்று கேட்கிறான். காலையில் பூட்டும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவன் பயப்படுகிறான். நானும் பயப்படுகிறேன். அதனால் அவன் பூட்டுவது எனக்கு ஒருவிதத்தில் சௌகரியமாகவும் இருக்கிறது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மரக்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மாடிப்படியில் போகிறவர்கள் தெரிவார்கள். அது போதும் என்று இருந்தேன். நீ வந்து போன பிறகு போதவில்லை.

மூன்றாவது. தவறு செய்தவன் நான். ஒரு தவறுதான், ஆனால் பெரிய தவறு. நான்காவது விதியை ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு எனக்கு மட்டும் விலக்குக் கேட்டால் நியாயமா? வெளியேறியவன் அமைதியாக இருக்க வேண்டும். அமைதியாக இருக்கிறேன். ஆகையால் நீ மகனைத் திட்டி எழுதாதே. அவனுக்கு ஏற்கெனவே தூக்கம் இல்லை.

தலைமையாசிரியருக்கான கேள்வி விடைகளை இத்துடன் வைத்திருக்கிறேன். செருப்பு சரியாக இருக்கிறது. வீட்டுக்குள் போட்டுக்கொண்டு நடக்கிறேன்.

அண்ணன்


ஜூலை 13

அண்ணா,

உன் கேள்வி விடைகளுக்கு வேலையே வரவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் வாசலிலிருந்து திரும்பிய அன்று பஸ்ஸிலேயே முடிவெடுத்துவிட்டேன். திங்கட்கிழமை வகுப்பில், “இனிமேல் யாரும் வெளியே போக வேண்டாம். தப்பாகத் தொங்கவிட்டவர் தன் அட்டையை எடுத்து மறுபடி தொங்கவிடலாம். அதுவரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும்” என்று சொன்னேன். கொட்டாவி உடனே, “எத்தனை தடவை டீச்சர்?” என்று கேட்டான். “சரியாகிற வரைக்கும்” என்றேன். “அப்ப ஆட்டம் முடியாதே!” “முடியாட்டி நாளைக்கு ஆடுவோம்.” உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன். நீ அனுமதி கொடுத்திருக்க மாட்டாய்.

தலைமையாசிரியர் வந்து கடைசி வரிசையில், குழந்தைகளின் பெஞ்சில், முட்டி தாடையில் இடிக்க உட்கார்ந்தார். கொடியில் ‘அப்பா கழுவினார்’ என்று தொங்கியது. பொத்தானின் முறை. பகடையில் ‘எதை’ விழுந்தது. அவள் ‘பேருந்து’ என்று எழுதிக் கடைசியில் மாட்டினாள். எல்லோரும் படித்தார்கள். குரல் தடுக்கியது. பழைய விதி என்றால் அவள் சன்னலோரம் போயிருப்பாள். பழக்க தோஷத்தில் ஒரு அடி எடுத்தும் வைத்துவிட்டாள். பிறகு நின்று என்னைப் பார்த்தாள்.

திரும்பிப் போய் அட்டையை எடுத்து முதலில் மாட்டினாள். ‘பேருந்து அப்பா கழுவினார்.’ பின்வரிசையில் ஒருவன், “பஸ்ஸு அப்பாவைக் குளிப்பாட்டுது!” என்றான். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள், அண்ணா. தன் தவறைப் பார்த்துத் தானே சிரித்தாள். தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அவள் நடுவில் இடம் செய்தாள். அட்டையைத் திருப்பிப் புதிதாக எழுதினாள். ‘அப்பா பேருந்தைக் கழுவினார்.’ எல்லோரும் ஒரே மூச்சில் படித்தார்கள். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். அடுத்தவன் கையிலிருந்த பகடையைப் பிடுங்கிக்கொண்டாள். ‘எப்படி’ விழுந்தது. ‘மெதுவாக’ என்று சேர்த்தாள்.

தலைமையாசிரியர் எழுந்து வந்தார். “மெதுவாவா? ஏன் மெதுவா?”

அவள் பொத்தானை விட்டுவிட்டுச் சொன்னாள்: “டிப்போல தினமும் நிறைய பஸ்ஸு கழுவணும் சார். எங்க அப்பாவுக்குக் கை வலிக்குது. அதனால கடைசி பஸ்ஸை மெதுவாத்தான் கழுவுவாரு.”

அந்தப் பெண் என் வகுப்பில் இருந்த இவ்வளவு காலத்தில் பேசிய மொத்தச் சொற்களைவிட அது அதிகம். தலைமையாசிரியர் கொடியைப் பார்த்தார். “சத்தம் கொஞ்சம் கொறைச்சுக்கங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் பள்ளியில் அதற்குச் சம்மதம் என்று பொருள். மற்ற வகுப்புகளிலும் ஆட வேண்டுமாம், விதிகளை எழுதி அனுப்பு.

இப்போது உன் விஷயம். நான் உன் மகனுக்கு எழுதவில்லை. திட்டவும் போவதில்லை. நான் வந்து பூட்டைத் திறந்து உன்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போனால், நாளைக்கு நான் ஒரு பூட்டு வாங்குவேன். என் பயமும் உன் மகன் பயம் மாதிரிதான் இருக்கும். அதனால் நீதான் கேட்க வேண்டும். நியாயம், விலக்கு என்றெல்லாம் எழுதியிருந்தாய். ஒரு தவறான கட்டடத்துக்குப் போனாய். அவ்வளவுதான். அட்டையை எடுத்து மறுபடி மாட்டு.

உன் மூன்றாமவனை ஆட்டத்தில் சேர்த்துக்கொள். பாவம், எத்தனை நாளாக உட்கார்ந்திருக்கிறான்.

வாலு


ஜூலை 29

அன்புள்ள வாலு,

இந்த முறை தலைப்புகள் போட்டு இரண்டு தாளைக் கிழித்தேன். நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்து ஒரு வாரம் நான் ஒன்றும் செய்யவில்லை. மகனிடம் கேட்க வேண்டிய வாக்கியத்தை மனத்துக்குள் அமைத்துப் பார்த்தேன். எப்படி அமைத்தாலும் அது மன்னிப்புக் கேட்பதாகவே முடிந்தது. பிறகு ஒரு மாலை, அவன் வரும் நேரத்துக்குக் கூடத்தின் குறுக்கே, அவன் முகத்துக்கு நேராகக் கொடியைக் கட்டினேன். மூன்று அட்டைகள். ‘அப்பா’, ‘கீழே’, ‘போகலாம்’. ‘கீழே’ கொஞ்சம் கோணலாகத் தொங்கியது.

அவன் குனிந்து வந்து நிமிர்ந்தான். “என்னப்பா இது?”

“ஆட்டம். உன் முறை.” பகடையை நீட்டினேன்.

“அப்பா, ப்ளீஸ். தலை வலிக்குது.”

சமையலறையிலிருந்து மருமகள், “உருட்டுங்களேன். சோப்புதானே, கடிக்காது” என்றாள்.

உருட்டினான். ‘எப்போது’ விழுந்தது. ‘ஞாயிற்றுக்கிழமை’ என்று எழுதித் தொங்கவிட்டான். ஞாயிற்றுக்கிழமைதான் அவன் வீட்டில் இருப்பான். எனக்குப் புரிந்தது. பிறகு நான் உருட்டினேன். ‘யாரோடு’ விழுந்தது. ‘மகனோடு’ என்று எழுதியிருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். பென்சில் அந்த எழுத்துக்குப் போகவே இல்லை. ‘கவனமாக’ என்று எழுதித் தொங்கவிட்டேன்.

அவன் படித்துப் பார்த்தான். “யாரோடன்னு கேட்டா கவனமான்னு சொன்னா எப்படிப்பா? தப்பு. நீங்க அவுட்.” வேடிக்கையாகத்தான் சொன்னான். சொன்ன பிறகு அவன் முகம் மாறிவிட்டது.

“அவுட் இல்ல. அந்த விதி மாறிடுச்சு” என்றேன். “எடுத்துட்டு மறுபடி போடலாம். உங்க அத்தை மாத்திட்டா.”

அட்டையைத் திருப்பி எழுதினேன். ‘யாரும் இல்லாமல்’. தொங்கவிட்டேன்.

அவன் அதைப் பார்த்தபடியே கொடிக்கு அந்தப் பக்கம் நின்றான். “அன்னைக்கு அந்த ஆளு உங்க காலரைப் பிடிச்சிருந்தான்பா. நான் படியேறி வரும்போது பாத்தேன். நீங்க ஒண்ணும் பேசாம நின்னீங்க. இன்னொரு தடவை அதைப் பாக்க என்னால முடியாது.”

“நான் இன்னொரு தடவை தப்பாப் போவேன்” என்றேன். “போக மாட்டேன்னு சொன்னா அது பொய். தப்பாப் போனா மறுபடி வாசலுக்கு வந்து எண்ணுவேன்.”

அப்போது மருமகள் ஈரத்துணி வாளியோடு வந்தாள். “ஆட்டம் முடிஞ்சுதா இல்லையா? எனக்குக் கிளிப் பத்தல” என்று சொல்லிக்கொண்டே ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கிளிப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கிளிப்புக்காகத்தான் எடுத்தாளா என்று எனக்குத் தெரியாது. அட்டை தரையில் விழுந்தது. மகன் அதை எடுத்தான். மறுபடி தொங்கவிடுவான் என்று எதிர்பார்த்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கைகழுவப் போய்விட்டான்.

மறுநாள் காலை அவர்கள் போன பிறகு பார்த்தேன். கம்பிக்கதவு சாத்தியிருந்தது, பூட்டில்லை. சாவி என் புதுச் செருப்புக்குள் இருந்தது.

நான் போகவில்லை, வாலு. அன்றும் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, கம்பிக்கதவைத் தள்ளி, படி வரைக்கும் போய் நிற்பேன். கால் இறங்காது. பூட்டு இருந்தபோது அதன்மேல் பழி போட முடிந்தது. இப்போது பழி போட என்னைத் தவிர யாரும் இல்லை. மகன் மாலையில் வந்து செருப்பு அடியில் தூசி இருக்கிறதா என்று பார்ப்பது தெரிந்தது. கேட்கவில்லை.

இன்று போனேன். அட்டைக் கடைவரை நடந்தேன். கடைக்காரர், “ரொம்ப நாளாச்சே சார், ஊர்ல இல்லையா?” என்றார். “வீட்ல இருந்தேன்” என்றேன். நல்ல தடித்த அட்டை வாங்கினேன்.

திரும்பும்போது முன்வாசல் பள்ளத்தை மூடியிருந்தார்கள். நான் பக்கவாசலுக்கு ஏற்றபடி எண்ணிக்கையைத் திருத்தி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அதே திருத்தத்தோடு முன்வாசல் வழியாக வந்துவிட்டேன். நான்காவது மாடி ஏறி, இடப்பக்கம் இரண்டாவது கதவுக்கு முன் நின்றபோது அங்கே ஒரு மூன்று சக்கர வண்டி இருந்தது. எங்கள் வீட்டில் அப்படி ஒன்று இல்லை.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். கதவு திறந்தது. ஒரு ஆள் பனியனோடு எட்டிப் பார்த்தார். “யாரு வேணும்?”

‘வீடு’ என்ற சொல் மட்டும் முதலில் வந்து நின்றது. உன் பொத்தான் நடுவில் இடம் செய்து அட்டையை மாட்டியதை நினைத்துக்கொண்டேன். “மன்னிச்சுக்குங்க. நான் பக்கத்துக் கட்டடத்துல என் மகனோட இருக்கேன். எண்ணும்போது தப்பு பண்ணி இங்க ஏறிட்டேன்” என்றேன். ஒவ்வொரு சொல்லும் அதனதன் இடத்தில் நின்றது.

“அட, நானே ரெண்டு தடவை அப்படிப் போயிருக்கேன் சார். எல்லாம் ஒரே மாதிரி கட்டி வெச்சிருக்கானுங்க” என்று சொல்லி அவர் கதவைச் சாத்திக்கொண்டார். அவ்வளவுதான். யாரும் கூடவில்லை.

கீழே இறங்கினேன். மறுபடி வாசலுக்குப் போய் முதலிலிருந்து எண்ணினேன். முட்டி நிஜமாகவே வலித்தது. மாடிப்படியில் நர்ஸ் எதிரில் வந்தார். “சார், வெளியில இருந்தா வர்றீங்க?” என்று கேட்டார். அவர் குரலில் இருந்த ஆச்சரியத்தைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

மகன் இன்னும் மதியம் இரண்டு முறை எதிர்வீட்டுக்குப் போன் செய்கிறான். பூட்டு செருப்பு அலமாரியில் இருக்கிறது, அதை யாரும் எறியவில்லை. நாளை எனக்குத் தைரியம் வருமா என்று தெரியாது. உன் பள்ளிக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும். ஆனால் அந்தக் கொடியை ஒரு நாள் பார்க்க வேண்டும். தப்பான பஸ் ஏறினால் இறங்கி மறுபடி ஏறுவேன். தாமதமானால் நீ வகுப்பை நிறுத்தி வைக்க வேண்டாம்.

புது அட்டைகள் இத்துடன் வருகின்றன. இக்கடிதத்தை நானே தபால் பெட்டியில் போடப் போகிறேன். ஆட்டத்தின் விதிகளை மற்ற வகுப்புகளுக்கும் எழுதிக் கொடுக்கக் கேட்டிருந்தாய். ஜூன் 3ஆம் தேதிக் கடிதத்தையே பார்த்து எழுதிக்கொள்ளலாம், ஒன்றைத் தவிர. நான்காவதாக நான் எழுதியது தவறு.

அண்ணன்